துடித்தால் விட்டுவிடும் கை

பினாங்கு துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டிய பக்கிரிசாமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முதலில் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷர் யாராவது சொன்னாலொழிய எதையும் செய்ய மாட்டார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால், மனைவி தனலெட்சுமி "சாப்பிடுங்க" என்று சொன்ன பிறகுதான் கை சோற்றில் படும். பஸ் வந்து நின்றாலும் பின்னால் நிற்பவர் "ஏறுங்கண்ணே" என்று சொல்ல வேண்டும். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், அடித்துச் சொல்கிறேன், அவரைப் போல உழைத்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. தொழில் அவரை அப்படிப் பழக்கிவிட்டது.

கப்பலின் மேல்தளத்தில் விஞ்ச் பிடித்து நிற்கிறவனுக்குக் கீழே சரக்கறையில் நடப்பது எதுவும் தெரியாது. சரக்கறை வாயோரத்தில் ஓர் ஆள் எட்டிப் பார்த்தபடி நின்று குரல் கொடுப்பான். 'ஈவப்' என்றால் தூக்கு. 'அரியா' என்றால் இறக்கு. குரல் வராமல் கை அசைந்தால் கீழே நிற்கிறவன் தலை நிற்காது. ஒரே ஒரு சமயத்தில்தான் குரலுக்குக் காத்திருக்கக் கூடாது. கயிறு திடீரென்று துடித்தால் எங்கேயோ, எதிலோ, ஒருவேளை யார் மேலோ மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த நொடியே இளக்கிவிட வேண்டும். பக்கிரிசாமியின் கை அதை மூளையைக் கேட்காமலே செய்யும். அவர் விஞ்சில் நின்ற காலம் முழுக்க, அவர் கயிற்றில் ஒருவனும் அடிபட்டதில்லை.

பிறகு எல்லாச் சரக்கும் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டிகள் பட்டர்வொர்த் பக்கம் பெரிய பாரந்தூக்கிகளில் ஏறி இறங்க ஆரம்பித்தன. விஞ்ச்காரர்களுக்கு வேலை குறைந்தது. பக்கிரிசாமியும் ஐம்பது தாண்டியதும் ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். காலையில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவார், மத்தியானம் தூங்குவார், சாயங்காலம் மகள் வேலை முடிந்து வரும் பஸ்ஸுக்காக முக்கில் நிற்பார். இதெல்லாம் எண்பதுகளின் தொடக்கத்தில்.

மகள் புஷ்பவள்ளி பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கேதான் வந்தது வினை. அதே தொழிற்சாலையில் டெக்னிஷியனாக இருந்த ஞானேந்திரனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். பையன் தங்கம். ஆனால் யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிள்ளை. அப்பா அப்புத்துரை, அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பியானோ இருந்தது. அம்மா வள்ளிநாயகி யாழ்ப்பாணத்தார் சங்கத்துக் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்காருபவர். துறைமுகத்து ஆள் வீட்டில் பெண் எடுப்பதென்றால் அவர்கள் பக்கம் அவ்வளவு லேசில் நடக்கிற காரியமா?

ஞானேந்திரன் வீட்டில் சொல்லிவிட்டான். பதில் வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு தகவல்தான்: அப்புத்துரை ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவ் பக்கம் மீன் பிடிக்கப் போகிறாராம், பக்கிரிசாமியும் கூட வர முடியுமா என்று கேட்கிறாராம்.

"மீன் பிடிக்கவா!" என்று தனலெட்சுமி வாயில் கை வைத்தாள். "இது பரீட்சைங்க. மனுஷன் எப்படின்னு பாக்கத்தான் கூப்புடுறாரு. ஒழுங்கா மீன் புடிச்சிட்டு வாங்க."

"எனக்கு மீனே புடிக்கத் தெரியாதே லா."

"ஆயுசு பூரா தண்ணி மேலதானே நின்னீங்க?"

"தண்ணி மேல நின்னேன். தண்ணிக்குள்ள பாக்க எவனும் சொல்லலையே."

புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. அப்பாவின் சட்டையை இஸ்திரி போட்டபடியே சொன்னாள். "அப்பா, அவங்க வேணாம்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுது. அவரு அவங்கம்மா பேச்ச மீற மாட்டாரு. மீறி வாங்கன்னு நானும் சொல்ல மாட்டேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இஸ்திரிப் பெட்டி மட்டும் ஒரே இடத்தில் நின்று காலரை லேசாகப் பழுப்பாக்கிவிட்டது. 

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்புத்துரையின் பழைய மோரிஸ் மைனர் காடி வாசலில் வந்து நின்றது. உயரமான, ஒல்லியான மனுஷர். கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். மலைப்பாதையில் காடி முக்கி முனகி ஏறும்போது மரியாதையாக மழையைப் பற்றிப் பேசினார், டுரியான் பழத்தின் விலையைப் பற்றிப் பேசினார். கல்யாணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நடுநடுவே தொண்டையைச் செருமுவார். பக்கிரிசாமி நிமிர்ந்து உட்காருவார். "இந்த முறை ஜாதிக்காய் நல்ல விளைச்சல் போல கிடக்கு" என்று அப்புத்துரை முடிப்பார்.

அப்புத்துரையின் பழைய நோயாளி சுலைமானுக்கு அங்கே ஒரு தோப்பு இருந்தது. தோப்புக்கு நடுவே பாறைகளில் மோதி ஓர் ஓடை இறங்கியது. முழங்கால் ஆழம்தான், ஆனால் நல்ல வேகம். அப்புத்துரை இரண்டு நீள மெல்லிய தூண்டில் கம்புகளைப் பூட்டினார். அந்த நேரத்தில்தான் மனுஷருக்கு முகத்தில் களை வந்தது.

"இளந்தாரியாய் இருக்கேக்க இலங்கையில, நுவரெலியாவில என்ர மாமா வீட்ட இருந்தனான். அங்க குளிர் ஆத்தில டிரவுட் எண்டு ஒரு மீன். அதைப் பிடிக்கிற மாதிரித்தான் இது. இங்க டிரவுட் இல்லை, தெங்காஸ் இருக்கு. அதுகும் கல்லுக்கு அடியில பூச்சி தின்னுற மீன்தான்."

சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அரிசி நீளத்துக்குப் பழுப்புப் பூச்சிகள். எல்லாம் அவர் கையால் கட்டியவை. தூண்டில் முள்ளில் சேவல் இறகைச் சுற்றி, அதன் மேல் பழைய ரேடியோவிலிருந்து பிரித்த செம்புக் கம்பியை இறுக்கியிருந்தார். ஆற்றுக் கல்லில் ஒட்டி வாழும் பூச்சிக்குஞ்சு போலவே இருந்தது. இதற்கு நிம்ஃப் என்று பெயராம். செம்பின் கனத்தில் அது அடிக்குப் போய்விடும்.

"தக்கை இல்லீங்களா ஐயா?"

"தக்கை இல்லை. அதுதான் இதின்ர விசேசம். கம்பு நுனியில இருந்து பூச்சி வரைக்கும் நூல் நேராய் நிக்க வேணும். தொய்யக் கூடாது. மேல்பக்கம் எறிஞ்சு, தண்ணி கொண்டு வர வர, கம்பை உயத்திப் பிடிச்சு, பூச்சிக்கு முன்னால கொண்டு போக வேணும். மீன் வாயில எடுத்தா நூலில ஒரு சின்னத் துடிப்பு வரும். உடன மணிக்கட்டால ஒரு சுண்டு. அவ்வளவுதான்."

பக்கிரிசாமிக்கு முகம் மலர்ந்தது. இறுக்கமாகப் பிடித்த கயிறு! இது அவருக்குத் தெரிந்த சமாச்சாரமாயிற்றே. கம்பை வாங்கி எறிந்தார். முதல் தடவை புதரில் போய் விழுந்தது. இரண்டாவது சரியாக நீரோட்டத்தில் விழுந்தது. கம்பை உயர்த்தி, நூலை நேராக வைத்து, தண்ணீரோடு அப்படியே கொண்டுவந்தார். செம்புப் பூச்சி அடியில் கல் கல்லாகத் தட்டிக்கொண்டு போவது கைக்குத் தெரிந்தது. அப்புத்துரை அசந்து போனார்.

"அட! நான் இதைப் பழக ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்தது. நீங்கள் பிறந்ததில இருந்தே பிடிச்ச மாதிரி எல்லோ..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நூல் துடித்தது. தெள்ளத் தெளிவான துடிப்பு. பக்கிரிசாமியின் கை என்ன செய்தது தெரியுமா? பட்டென்று கம்பைத் தாழ்த்தி நூலை இளக்கிவிட்டது! தண்ணீருக்குள் ஒரு வெள்ளி மினுமினுப்பு புரண்டு, பூச்சியைத் துப்பிவிட்டுப் போயே போய்விட்டது.

"அலாமா!" என்றார் பக்கிரிசாமி.

"பரவாயில்லை, பரவாயில்லை. முதல் மீன் ஆருக்கும் தப்பும்."

இரண்டாவது மீனும் அப்படியே போனது. மூன்றாவதும். துடிக்கும், கை விட்டுவிடும், மீன் போய்விடும். மனதுக்குள் 'சுண்டு, சுண்டு' என்று சொல்லிக்கொண்டே நிற்பார். துடிப்பு வந்ததும் கை தன் பாட்டுக்கு அரியா போட்டுவிடும். மனுஷர் தன் கையையே முறைத்துப் பார்த்தார். இத்தனை காலம் சோறு போட்ட கை, இன்றைக்கென்று பார்த்து மகள் வாழ்க்கையில் மண்ணைப் போடுகிறதே! வெட்கத்தை விட்டு விஞ்ச் கதை முழுவதையும் அப்புத்துரையிடம் சொன்னார். அப்புத்துரை கேட்டுக்கொண்டே இருந்தார்.  தொண்டையைச் செருமினார். அதற்குள் பக்கிரிசாமியின் நூல் மறுபடி துடித்தது, மீன் மறுபடி போனது, அப்புத்துரை மறுபடி "பரவாயில்லை" என்று தேற்ற வேண்டியதாகிவிட்டது.

மத்தியானம் தனலெட்சுமி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்புத்துரை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சோற்றைப் பாராட்டினார். அதுவும் பரீட்சையில் சேருமா என்று பக்கிரிசாமி யோசித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பக்கிரிசாமி மூச்சுக் காட்டாமல் மீன் பிடித்தார். ஒன்றே ஒன்று. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று கிடைத்தாலும் போதும், வெறுங்கையோடு வீட்டுப் படி ஏற வேண்டாம். நீரோட்டத்தின் கடைசிக்குப் பூச்சியைக் கொண்டுபோய், மெல்ல உயர்த்தி, பின்னால் சுழற்றி மறுபடி மேல்பக்கம் எறிந்தார். அப்புத்துரை ஏதோ முடிவுக்கு வந்தவர் போலத் தண்ணீரில் இறங்கி அவர் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"பக்கிரிசாமி, நான் ஒரு விசயம் சொல்ல வேணும்..."

அந்த நேரம் பார்த்துக் கம்பு பின்னால் சுழன்றது. நூல் ஒரு துடி துடித்தது. பக்கிரிசாமியின் கை அந்த நொடியே விட்டது. விட்டதோடு நிற்கவில்லை, கம்பைத் துடித்த பக்கமே நீட்டிக் கொடுத்தது. திரும்பிப் பார்த்தால் அப்புத்துரை காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காது மடலில் செம்புப் பூச்சி தொங்குகிறது. முள் உள்ளே போய்விட்டது.

"ஐயோ! ஐயோ சாமி! ஐயா!" பக்கிரிசாமிக்குக் கைகால் உதறியது. போச்சு. எல்லாம் போச்சு. சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காது குத்தியாகிவிட்டது.

ஆனால் அப்புத்துரை கத்தவில்லை. காது மடலைத் தடவிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"முள் நுனி மற்றப் பக்கம் தட்டுப்படுது. கிழியேல்லை," என்று ஆச்சரியமாகச் சொன்னார். "நுவரெலியாவிலயும் இங்கயும் எத்தினை பேருக்கு இதைக் கழட்டியிருப்பன்! எல்லாரும் இழுத்துப்போட்டுத்தான் வருவினம். கிழிஞ்ச காது, கிழிஞ்ச சொண்டு. எறியிற ஆளுக்குத் துடிப்புத் தெரிஞ்சா இழுக்கத்தான் வரும். நீங்கள் விட்டிட்டியள்."

"கை விட்டுருச்சிங்க."

"பெட்டிக்குள்ள குறடு கிடக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ. எனக்கு என்ர காது தெரியாது."

பாறையில் உட்கார்ந்து அப்புத்துரை சொன்னார். முள்ளை வந்த வழியே இழுக்கக் கூடாது, முள்ளில் பின்னோக்கி இருக்கும் சின்ன முனை பிய்த்துவிடும். முன்னால் தள்ளி நுனியை வெளியே கொண்டுவந்து, அதைக் குறட்டால் வெட்டிவிட்டுப் பிறகுதான் பின்னால் எடுக்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்த பக்கிரிசாமிக்குக் கை நடுக்கம் நின்றுவிட்டது. பார்க்க முடியாத ஒருவருக்காகக் கை வேலை செய்ய வேண்டும். ஒருவர் குரல் கொடுக்கிறார். இதுதானே அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை!

"மெல்லத் தள்ளுங்கோ. இன்னும். இன்னும் கொஞ்சம். நிப்பாட்டுங்கோ." கை நின்றது. "இப்ப வெட்டுங்கோ." வெட்டியது. "எடுங்கோ." பூச்சி கையோடு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அப்புத்துரை பஞ்சில் மருந்தை நனைத்துக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு குறட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"நான் இண்டைக்கு உங்களை மீன் பிடிக்கக் கூட்டி வரேல்லை, பக்கிரிசாமி. இந்தச் சம்பந்தம் சரிவராது எண்டு சொல்லத்தான் கூட்டி வந்தனான். வீட்ட வச்சுச் சொன்னா உங்களுக்கு மரியாதை இல்லை எண்டு என்ர மனுசிதான் இவ்வளவு தூரம் அனுப்பினவ. காலமை தொடக்கம் சொல்லப் பாக்கிறன். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒரு மீனை விட்டிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறியள். அதுக்கு மேல இதை எப்பிடிச் சொல்லுறது?"

பக்கிரிசாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு காலரில் பழுப்புக் கறை பட்ட அந்தச் சட்டை ஞாபகம் வந்தது, அதைத்தான் போட்டிருந்தார். 

"அப்ப சொல்லிடுங்க ஐயா. மீனப் பாத்து இல்ல, என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. எம் பொண்ணுகிட்ட நான் போயி அப்படியே சொல்லணும்ல."

அப்புத்துரை அவர் முகத்தைப் பார்த்தார்.  

"சொல்ல ஏலாது," என்றார் கடைசியில். "இப்ப எனக்கே அது சரியாப் படேல்லை. ஒருத்தனுக்கு நோகுது எண்டு தெரிய முன்னமே விட்டுக் குடுக்கிற கை உங்கட கை. அந்த வீட்டில வளந்த பிள்ளை என்ர வீட்டுக்கு வந்தா எனக்கென்ன குறை? ஆனா வள்ளிநாயகிக்கு ஆர் சொல்லுறது? நான் அவவுக்கு ஒண்டுக்கும் மாட்டன் எண்டு சொல்லிப் பழக்கமில்லை."

திரும்பி வரும்போது காடியில் யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. தூண்டில் கம்புகள் ஜன்னல் வழியே ஆடிக்கொண்டு வந்தன. கூடையில் ஒரு மீன் இல்லை. வழியில் கிரீன் லேனில் அப்புத்துரை வீட்டு வாசலில் காடி நின்றபோது வள்ளிநாயகி வெளியே வந்தார். புருஷன் காதில் பஞ்சைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன இது? ஆர் தூண்டில் முள்ளைக் கொழுவினது?"

"நாந்தாங்கம்மா," என்றார் பக்கிரிசாமி.

"கழட்டினது?"

"அதுவும் நாந்தாங்க."

வள்ளிநாயகி புருஷனைப் பார்த்தார். "அப்ப போன காரியம்?"

அப்புத்துரை தொண்டையைச் செருமினார். காடிச் சாவியைப் பார்த்தார். பிறகு பக்கிரிசாமியைப் பார்த்தார்.  ஞானேந்திரன் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றான். அவன் முகம் வெளுத்துக் கிடந்தது.

பக்கிரிசாமி காத்திருந்தார். யாராவது சொல்வார்கள் என்று, பழக்கப்படி, காத்திருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரக்கறை வாயோரத்தில் அன்றைக்கு ஆள் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"அம்மா, ஐயா வேணாம்னு சொல்லத்தான் கூட்டிக்கிட்டுப் போனாரு. அவரால முடியல. அதனால நானே கேக்குறேன். நான் கயிறு இழுத்துப் பொழச்சவன். பியானோ எல்லாம் எங்க வீட்டுல கெடையாது. புஷ்பவள்ளி நல்ல பிள்ள. உங்க மகன அவளுக்குப் புடிச்சிருக்கு. நீங்க வேணாம்னா அவ அழுதுட்டுப் பேசாம இருந்துருவா, ஒங்க மகனையும் மீறி வரச் சொல்ல மாட்டா. எனக்கு அதத் தாங்க முடியாதும்மா. எம் பொண்ண உங்க வீட்டுக்கு எடுத்துக்கங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, ஒருவரும் சொல்லாமல் தான் பேசியது. 

வள்ளிநாயகி அசையாமல் நின்றார். காதில் பஞ்சோடு நிற்கிற புருஷனைப் பார்த்தார், கதவோரம் நிற்கிற மகனைப் பார்த்தார், ஈரக் கால்சட்டையோடு வெறுங்காலில் நிற்கிற மனுஷரைப் பார்த்தார்.

"மறுத்துச் சொல்லப் போனவர் இப்பிடி வந்து நிக்கிறார். நீங்கள் இப்பிடி வந்து கேக்கிறியள். இதுக்குள்ள நான் ஒராள் மட்டும் கெட்டவளோ?" என்றார் கோபமாக. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். மஞ்சக் கயிறு எண்டு நிக்கக் கூடாது. எங்கட முறைப்படி பவுண் கொடியிலதான் தாலி. கூறைச் சேலையும் நாங்கள்தான் எடுப்பம்."

பக்கிரிசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. கொடியா, கயிறா என்று அவர் எங்கே கேட்டார்? ஞானேந்திரன்தான் ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "மாமா, அம்மா சரியெண்டு சொல்லிட்டா, மாமா!" பிடித்த பிடியில் அவன் கை நடுங்கியது.

அந்த நடுக்கத்துக்குப் பக்கிரிசாமியின் கை இளகவில்லை. விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே நின்று, வாய்விட்டு அழுதார்.